கொழும்பில் விதிமீறல் முறைப்பாடு: மாநகர சபை எதை முதலில் கையில் எடுக்கும், உங்கள் கடிதத்தை எப்படி முன்னே கொண்டுவருவது

வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ புதிதாகக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கடிதம் கொடுத்துவிட்டோம், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஆளைத் தெரிந்தால்தான் வேலை நடக்குமா?" ஆளைத் தெரிந்தால் கொஞ்சம் சுலபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் கோப்புக்குள் கிடப்பதற்குக் காரணம் அதுவல்ல.

ஓர் உள்ளூராட்சி அலுவலகத்தில் (எது என்பது இங்கே வேண்டாம்) ஒரு கழிவுநீர்ப் பிரச்சினைக்காக நீண்ட காலம் ஏறி இறங்கியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எந்தச் சபையும் எல்லா விதிமீறலையும் ஒரே வேகத்தில் பிடிப்பதில்லை. பிடிக்க ஆட்களும் இல்லை. ஒரு பரிசோதகரின் மேசையில் இன்று காலை கிடக்கும் கடிதங்களில் எதை முதலில் எடுப்பார் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதை எழுதி எந்தச் சுவரிலும் ஒட்டியிருக்கமாட்டார்கள். ஆபத்து எவ்வளவு, சட்டத்தில் பிடி இருக்கிறதா, ஆதாரம் கையில் இருக்கிறதா, இப்போது விட்டால் பிறகு திருத்த முடியுமா என்பவற்றை வைத்துத்தான் அந்த வரிசை விழுகிறது. உங்களுக்கு எவ்வளவு கோபம் என்பதற்கு அதில் இடமில்லை.

1. எந்தச் சபை என்று பாருங்கள்

தபால் முகவரியில் "கொழும்பு" என்று இருந்தால் கொழும்பு மாநகர சபை என்று எண்ணிவிடாதீர்கள். காலி வீதியில் தெற்கே போனால் தெஹிவளைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் கொழும்பு மாநகர சபை, அந்தப் பக்கம் தெஹிவளை – கல்கிசை மாநகர சபை. ராஜகிரிய பக்கம் கோட்டே மாநகர சபை. கொலன்னாவைக்குத் தனி நகர சபை. வத்தளை கம்பஹா மாவட்டத்துக்குள்ளேயே போய்விடும். வீட்டுச் சொந்தக்காரரிடம் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். அதன் தலைப்பில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் சபை. இலக்கத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கொழும்பு மாநகரத்துக்குள்ளேயே ஒன்று, இரண்டு ஏ, இரண்டு பீ, மூன்று, நான்கு, ஐந்து என்று ஆறு பிரிவுகள் உண்டு. நகர மண்டபத்தில் (டவுன் ஹோல் என்றால்தான் முச்சக்கர வண்டிக்காரருக்குப் புரியும்) கொடுக்கும் கடிதம் கடைசியில் உங்கள் பிரிவுக்குத்தான் இறங்கி வரும். உங்கள் பிரிவு எது என்று முதலிலேயே கேட்டுக் கடிதத்தில் போட்டுவிட்டால், இறங்கும் நேரம் மிச்சம்.

2. அது சபையின் வேலைதானா?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. சபைக்கு அதிகாரமில்லாத விடயத்தைச் சபைக்கு எழுதினால், "எங்களுக்குரியதல்ல" என்று பதில் வருவதற்கே மாதம் கடந்துவிடும். பதில் வராமலும் போகலாம்.

ஒலிபெருக்கிச் சத்தம் பொலிஸுக்குரியது. பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை, விசேட அனுமதி எடுத்திருந்தால் தவிர, ஒலிபெருக்கி பாவிக்க முடியாது. கோயிலாக இருந்தாலும் கல்யாண மண்டபமாக இருந்தாலும் அதேதான். சத்தம் கேட்கும்போதே அழையுங்கள், மறுநாள் எழுதும் கடிதத்தால் பலனில்லை.

தொடர்மாடியில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து உங்கள் கூரையில் தண்ணீர் ஒழுகுவது, பொது மாடிப்படியை ஒருவர் பூட்டி வைத்திருப்பது போன்றவை முதலில் உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு (தொடர்மாடி வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பு), அடுத்து கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரர்கள் இதைத் தெரியாமல் மாநகர சபைக் கதவில் நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். குடிநீர்க் குழாய் உடைந்தால் 1939, மின்சாரத்துக்கு 1987. நகருக்குள் மலசலக் கழிவுக் குழாய்களும் ஒழுங்கைக் கான்களும் மாநகர சபைக்குரியவை.

காணி எல்லைத் தகராறு தனிக் கதை. "அவர் மதில் என் காணிக்குள் ஓர் அடி வந்துவிட்டது" என்று எத்தனை கடிதம் எழுதினாலும் சபை தீர்ப்புச் சொல்லாது. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. நில அளவையாளரும் சட்டத்தரணியும் வேண்டும், அதற்கான செலவும் வேண்டும். சபை பார்த்துக்கொள்ளும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பது இதில்தான் மிகவும் கெடுதல்: 10 வருடம் எதிர்ப்பில்லாமல் ஒருவர் ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை கேட்கும் நிலை வந்துவிடும்.

எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 1919க்கு அழையுங்கள். அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம்.

3. வரிசை எப்படி விழுகிறது

மேலே நிற்பது உயிராபத்து. இடிந்து விழப்போகும் மதில், சாய்ந்த மரம், தீ. இவற்றுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தீயணைப்புச் சேவை 110. அது மாநகர சபையின் கீழேயே இயங்குகிறது. இடர் முகாமைத்துவ நிலையம் 117. மரம் பற்றிய முறைப்பாடுகளை ஒரு காலத்தில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி டூப்ளிகேஷன் வீதியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு வீதியோர மரங்களைப் பரிசோதிக்கும் வேலை முன்னுக்கு வந்தது. வரிசை இப்படியும் மாறும். செய்தியில் அடிபடும் விடயம் சில மாதங்களுக்கு மேலே ஏறி நிற்கும், பிறகு இறங்கும். உங்கள் பிரச்சினை அந்த நேரத்தோடு ஒத்துப்போனால் தள்ளிப்போடாமல் எழுதுங்கள்.

அடுத்தது பொதுச் சுகாதாரம். இதில் டெங்குதான் ராஜா. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே பரிசோதகர் ஒரு கிழமை தாமதித்தால் அடுத்த தலைமுறை பறந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. வீட்டுக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர் எவரையும் நீதவான் முன் நிறுத்தலாம். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்திலிருந்தும், பிறகு ஒக்டோபர், நவம்பர் மழைகளிலும் பீ.எச்.ஐ.மாரின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின்) நேரம் பெரும்பாலும் இதற்கே போகும். அந்த மாதங்களில் வியாபார அனுமதி, விளம்பரப் பலகை போன்ற முறைப்பாடுகள் பின்னுக்குப் போவது இயல்பு.

இதில் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். அரைகுறையாக நிற்கும் கட்டடத்தைப் பற்றி "அனுமதியில்லாமல் கட்டுகிறார்" என்று மட்டும் எழுதாமல், அதன் மேல்தளத்தில் மழைநீர் தேங்கி நிற்கிறது என்பது உண்மையானால் அதையும் படத்தோடு தனிக் கடிதமாகச் சுகாதாரப் பகுதிக்குக் கொடுங்கள். ஒரே இடம், இரண்டு பகுதிகள், இரண்டு சட்டங்கள். சுகாதாரப் பகுதி முதலில் வந்துவிடும். பொய்யாக எழுதாதீர்கள், வந்து பார்த்து ஒன்றுமில்லையென்றால் உங்கள் பெயரில் வரும் அடுத்த கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

சாப்பாட்டுக் கடைகளும் சுகாதாரத்துக்குள்தான் வரும், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ். "கடை அசுத்தம்" என்று எழுதினால் போதாது. என்ன சாப்பாடு, எந்த நாள், எத்தனை மணி, பில், வைத்தியரிடம் போயிருந்தால் அந்தத் துண்டு. பல பேருக்கு ஒரே நாளில் வயிற்றோட்டம் என்றால் வரிசை உடனே மாறும்.

மூன்றாவதாகத்தான் கட்டடங்கள். அதற்குள்ளும் நடந்துகொண்டிருக்கும் வேலை முன்னே, முடிந்து குடிபுகுந்த வீடு எங்கோ பின்னே. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிறகு பாதையை அடைப்பது, கானின் மேல் கடை போடுவது, குப்பை, கராஜ், உலோக வேலைத்தலம், உரிமம் இல்லாத வியாபாரம். கடைசியில் அழகு சம்பந்தப்பட்டவையும் அயலவர் மனக்கசப்புகளும். உங்கள் கடிதத்தை வாசிக்கும் கிளார்க்குக்கு அது "அயல்வீட்டுச் சண்டை" என்று பட்டுவிட்டால் முடிந்தது கதை. பக்கத்து வீட்டுக்காரர் உங்களை ஏசியது, அவருடைய மகன் செய்தது, போன தைப்பொங்கலுக்கு நடந்தது எதையும் கடிதத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

4. ஆதாரத்தைச் சேருங்கள்

வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை.

சம்பந்தப்பட்ட இடத்தின் சோலைவரி இலக்கம் முதலில். பெரும்பாலும் கேட் தூணில் இருக்கும். "பச்சைக் கேட் வீட்டுக்கு எதிர்வீடு" என்று எழுதினால் பரிசோதகர் ஒழுங்கையின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். கொழும்பில் இலக்கங்கள் 42, 42/1, 42/1ஏ, 42/3/1 என்று கொப்பும் கிளையுமாகப் போகும். சரியான கிளையைப் பிடியுங்கள். இலக்கம் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்து வீட்டு இலக்கங்களையும் எழுதி நடுவில் என்று குறிப்பிடுங்கள்.

படங்கள்: ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், சில நாள் இடைவெளியில் எடுத்தவை. அசையாத ஏதாவது ஒன்று, மின்கம்பமோ பக்கத்து வீட்டு ஜன்னலோ, எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும். அப்போதுதான் கட்டடம் எவ்வளவு ஏறியது, தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது என்பது விளங்கும். படத்தின் பின்னால் திகதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். அடுத்தவர் காணிக்குள் இறங்கிப் படமெடுக்க வேண்டாம், உங்கள் மொட்டைமாடி போதும்.

உங்கள் அடையாள அட்டையின் பிரதி. வாடகைக்கு இருப்பவரும் முறைப்பாடு கொடுக்கலாம், காணி உறுதி தேவையில்லை. சொந்தக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருந்தால், அவர் பெயரில் கடிதம் கொடுக்க நினைத்து அற்றோர்னித் தத்துவத்துக்கு அலையாதீர்கள். குடியிருப்பவர் என்ற முறையில் உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.

பெயரில்லா மொட்டைக் கடிதம் வேண்டாம். பயமாக இருந்தால் ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்து வைக்கலாம். தொடர்மாடியென்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடிதத் தலைப்பில் கொடுத்தால் தனியாள் பெயரே வராது. பல குடும்பம் பாதிக்கப்படுகிறது என்பதும் வரிசையில் ஏற உதவும்.

5. கடிதம்

ஒரு பக்கம். ஒரு பிரச்சினை. ஒரு கோரிக்கை. கீழே உள்ளதை உங்கள் விடயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாநகர ஆணையாளர்,
கொழும்பு மாநகர சபை, நகர மண்டபம், கொழும்பு 7.

பிரதி: பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி

பொருள்: (வீதியின் பெயர்), சோலைவரி இலக்கம் (…): பொதுக் கானுக்குள் மலசலக் கழிவு திறந்துவிடப்படுதல்

மேற்படி இலக்கக் கட்டடத்தின் பின்புறக் குழாயிலிருந்து கழிவுநீர் ஒழுங்கைக் கானுக்குள் விழுகிறது. (திகதி) முதல் தினமும் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் இது நடக்கிறது. கான் மூடியில்லாதது. அதன் ஓரமாகவே பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகள் போகிறார்கள். இந்தப் பகுதியில் (…) வீடுகள் பாதிக்கப்பட்டுள்ளன. மூன்று படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இடத்தைப் பரிசோதித்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். "காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். பரிசோதகர் 11 மணிக்கு வந்து பார்த்தால் கான் காய்ந்து கிடக்கும், "முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். நேரத்தைச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு குறையும். பாலர் பாடசாலை பற்றிய வரிதான் கடிதத்தை மேலே தூக்கும்; உங்கள் வீதியில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

கராஜ், பேக்கரி, மரவேலைத்தலம் போன்றவை என்றால் இன்னொரு வரி சேருங்கள்: "இவ்விடத்துக்கு நடப்பு ஆண்டுக்கான வியாபார அனுமதிப்பத்திரமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் உண்டா என அறியத்தரவும்." ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். ஆகவே வருடக் கடைசி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கோப்பில் ஏறிவிட்டால், புதுப்பிக்கும் நேரத்தில் அது கண்ணில் படும்.

மொழி பற்றி: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் இடத்துக்கு வரப்போகும் பரிசோதகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், மொழிபெயர்ப்புக்குப் போனால் கடிதம் அங்கேயே நின்றுவிடும். தமிழ்க் கடிதத்தோடு நாலு வரிச் சிங்களச் சுருக்கம் ஒன்றை இணைப்பதுதான் என் வழக்கம். உரிமையும் இருக்கும், வேலையும் நடக்கும்.

6. எங்கே, எப்படிக் கொடுப்பது

நேரில் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் "கிடைத்தது" என்று திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்திய அந்தத் தாள்தான் இனிமேல் உங்கள் பிடி. "வைத்துவிட்டுப் போங்கோ, பார்ப்போம்" என்றால் பணிவாக நின்று கேளுங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் போட்டு, தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். தொலைபேசியில் சொன்னால் சொன்னவரின் பெயர், பதவி, நேரம், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டுக் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் செலவு போட்டோக்கொப்பி, படம் அச்சடித்தல், தபால், முச்சக்கர வண்டி. பற்றுச்சீட்டு இல்லாமல் "பரிசோதனைச் செலவு" என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

சித்திரைப் புத்தாண்டு, வெசாக், டிசம்பர் கடைசி ஆகிய நாட்களில் கொடுத்த கடிதம் விடுமுறைக்குள் புதையும். சந்திக்க வேண்டிய உத்தியோகத்தர் எந்த நாளில், எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பீ.எச்.ஐ.மார் பகலில் களத்தில்தான் இருப்பார்கள். காலையில் அலுவலகம் திறந்தவுடனே போவதுதான் புத்தி.

7. கட்டட வேலையென்றால் நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள்

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கம். அதன் 28அ பிரிவின் கீழ், அனுமதியில்லாமலோ அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகவோ வேலை செய்தால் நிறுத்தும்படியும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். குறைந்தது ஏழு நாள் அவகாசம் இருக்கும். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை கேட்க வேண்டும். இந்த அதிகாரத்தை அதிகார சபை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளித்திருக்கிறது. ஆகவே நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்து "நாளைக்கு இடிப்பார்கள்" என்று சந்தோஷப்பட வேண்டாம். இடையில் வழக்கு, வழக்கில் தவணை.

இதனால்தான் கட்டி முடிந்த மாடி வரிசையில் கீழே போகிறது. அத்திவாரத்தை நிறுத்த ஒரு நோட்டீஸ் போதும். ஸ்லாப் போட்டபின் வழக்கு வேண்டும். குடிபுகுந்தபின் ஒரு குடும்பத்தை வெளியேற்ற வேண்டும். எந்த உத்தியோகத்தரும் முதலாவதைத்தான் விரும்புவார். கட்டுபவருக்கும் இது தெரியும். போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும் நாட்களாகப் பார்த்து, வெள்ளி பின்னேரம் மிக்ஸர் இறங்கும். செவ்வாய் காலை அலுவலகம் திறக்கும்போது ஸ்லாப் காய்ந்திருக்கும். கம்பி கட்டி பலகை அடிக்கும்போதே எழுதுங்கள். நீண்ட விடுமுறை வரப்போகிறதென்றால் அதையும் கடிதத்தில் சொல்லுங்கள்: "எதிர்வரும் விடுமுறையில் கொங்கிரீட் போட ஆயத்தம் தெரிகிறது."

இன்னொரு பொறி. விதிகளுக்குள் அடங்கக்கூடிய கட்டடமென்றால், அனுமதியில்லாமல் கட்டியிருந்தாலும் கட்டணம் செலுத்திப் பின் அனுமதி எடுக்கும் வழி இருக்கிறது. ஆகவே "அனுமதியில்லை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்பக்கம் விட வேண்டிய வெளி விடப்படவில்லை, வீதிக்கோட்டுக்குள் (வீதிக்காக ஒதுக்கிய எல்லைக்குள்) வந்துவிட்டது, உங்கள் ஜன்னலுக்கு முன் காற்றும் வெளிச்சமும் அடைபடுகிறது என்று எதில் விதி மீறப்படுகிறது என்பதை எழுதுங்கள். பணம் கட்டி இலகுவாக முறைப்படுத்த முடியாத மீறல்கள்தான் கோப்பை உயிரோடு வைத்திருக்கும்.

8. பின்தொடர்வது

எனக்குச் சரிவரும் கணக்கு: சுகாதார விடயம் என்றால் ஒரு கிழமை, கட்டடம் என்றால் இரண்டு மூன்று நாள், மற்றவை மூன்று கிழமை. அதற்குள் யாரும் வராவிட்டால் முதல் கடிதத்தின் திகதியைக் காட்டி ஒரு சிறிய நினைவூட்டல். பழைய கதையைத் திரும்ப எழுத வேண்டாம்; புதிய படம் ஒன்று, "நிலைமை மோசமாகியுள்ளது" என்று ஒரு வரி.

ஒரே நாளில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தர் வரை பத்துப் பேருக்குப் பிரதி போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. எல்லாம் சுற்றிச் சுற்றி அதே பரிசோதகரின் மேசைக்குத்தான் வரும். அதற்குப் பதில் எழுதுவதிலேயே அவருக்கு நேரம் போய்விடும்.

வந்து பார்த்தார்களென்றால் வந்தவரின் பெயரையும் திகதியையும் குறியுங்கள். அப்புறம் நோட்டீஸ் கொடுத்தார்களா, கெடு எப்போது என்று கேளுங்கள். கெடு முடியும் நாளன்று ஒரு படம் எடுத்து அனுப்பினால், அவருக்கு வழக்குக்கு ஆதாரம் கிடைக்கும், உங்களுக்கும் கோப்பு நகரும்.

9. பதிலே இல்லையென்றால்: தகவல் அறியும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். என் கணிப்பில் சாதாரண மனிதரின் கையில் இருக்கும் மிக நல்ல கருவி இதுதான். இலங்கைப் பிரஜைகள் மட்டும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் சொந்தக்காரர் போடாமல், பிரஜையாக இருக்கும் ஒருவர் போடட்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை; பிரதி எடுப்பதற்குப் பக்கக் கணக்கில் சில ரூபாய் ஆகலாம்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. ஆவணத்தைக் கேளுங்கள்:

இன்ன திகதி முத்திரையிட்ட என் முறைப்பாடு எந்தக் கோப்பில், யாரிடம் இருக்கிறது. பரிசோதனை அறிக்கையின் பிரதி. அனுப்பிய அறிவித்தல்களின் பிரதிகள். அந்தச் சோலைவரி இலக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் இலக்கமும் திகதியும். இணக்கச் சான்றிதழ் (அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்ற சான்று) வழங்கப்பட்டதா. இந்த வட்டாரத்தில் இவ்வருடம் இத்தகைய முறைப்பாடுகள் எத்தனை கிடைத்தன, எத்தனையில் வழக்குப் போடப்பட்டது. முறைப்பாடுகளை எந்த ஒழுங்கில் எடுப்பது என்பதற்கு உள்ளகச் சுற்றுநிருபம் உண்டானால் அதன் பிரதி.

கடைசி இரண்டு கேள்விகளும் முக்கியம். உங்கள் கோப்பு மட்டும் தூங்குகிறதா, எல்லாமே தூங்குகின்றனவா என்று அப்போதுதான் தெரியவரும்.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (இத்தகைய மேன்முறையீடுகளைக் கேட்கச் சபையில் நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதன் பிறகும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. இந்தத் திகதிகளை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்; கடந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல தடவை விண்ணப்பம் போனதுமே பரிசோதகர் இடத்துக்கு வந்துவிடுவார். கேட்ட அறிக்கையைக் கொடுக்க வேண்டுமே!

10. வட்டார உறுப்பினரும் வரவுசெலவுத் திட்டமும்

உறுப்பினர் பீ.எச்.ஐ.க்குக் கட்டளை போட முடியாது. உத்தியோகத்தர்களுக்குத் தலைவர் ஆணையாளர். ஆனால் மாதாந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், அப்படிக் கேட்ட விடயத்துக்குப் பதில் தயாரிக்க வேண்டும். முத்திரை குத்திய கடிதத்தின் பிரதியோடு போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போனால் தேநீர் கிடைக்கும், வேலை நடக்காது.

கானுக்கு மூடி போடுவது, வீதி விளக்கு, புதிய வடிகான் போன்றவற்றுக்கு விதி அமுலாக்கம் போதாது, காசு வேண்டும். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் டிசம்பருக்குள் சபைக்கு வரும். செப்டெம்பர் அளவில் எழுத்தில் கொடுத்தால் அடுத்த வருடத்துக்குள் சேர வாய்ப்புண்டு. பெப்ரவரியில் கொடுத்தால் "நிதியில்லை" என்ற பதில் நிச்சயம்.

11. அதற்கும் மேலே

பாராளுமன்ற நிருவாக ஆணையாளருக்கு (ஒம்புட்ஸ்மன்) நேரடியாக எழுதலாம். பொதுத் தொல்லை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அகற்றும் கட்டளை கொடுக்கலாம். பொலிஸில் முறைப்பாடு போட்டால் அந்த வழி திறக்கும். சபை தன் சட்டக் கடமையைச் செய்ய மறுக்கிறது என்று நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்பது கடைசி வழி. அதற்குச் சட்டத்தரணி கட்டணம் வேறு கதை, ஒழுங்கைக்காரர் எல்லாரும் பங்கு போட்டால்தான் தாங்கும். அப்போது சட்டத்தரணி முதலில் கேட்பது அந்த முத்திரை குத்திய தாள்களைத்தான்.

12. நோட்டீஸ் உங்களுக்கே வந்தால்

புதிதாக வந்தவர்களுக்கு இதுவும் நடக்கும். பல்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்திருப்பீர்கள், மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டிருப்பீர்கள், பூச்சட்டித் தட்டில் புழு இருந்திருக்கும். பரிசோதகரோடு வாசலில் வாக்குவாதம் செய்ய வேண்டாம், பீ.எச்.ஐ. அந்த இடத்திலேயே தண்டப்பணம் அறவிடுபவர் அல்ல, அவர் எழுதும் அறிக்கைதான் நீதிமன்றத்துக்குப் போகும். நுளம்பு என்றால் அன்றைக்கே துப்புரவு செய்து படமெடுத்து வையுங்கள். கட்டடம் என்றால் வரைபடம், இணக்கச் சான்றிதழ், பற்றுச்சீட்டுகளோடு கெடுவுக்கு முன் எழுத்தில் பதில் கொடுங்கள், அதற்கும் முத்திரை வாங்குங்கள். வாடகைக்காரர் என்றால் அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸின் படத்தை அனுப்பிவிடுங்கள். "எனக்குத் தெரியாது" என்று அவர் பிறகு சொல்ல முடியாது.

நோட்டீஸ் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதலாம். ஆனால் பிரதி வரும்வரை அதிலுள்ள கெடு திகதி நிற்காது, ஆகவே யாரையாவது பிடித்து அன்றைக்கே வாசித்துக் கேளுங்கள்.